அலமாரியில் பூட்டிய காசோலைகள்

அந்த நகராட்சியின் நிதிப் பிரிவில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதன் கீழ்த்தட்டில் காசோலைகள் அடுக்கியிருக்கும். பெயர், தொகை, தேதி எல்லாம் அச்சாகி, கையெழுத்தும் விழுந்த காசோலைகள். தபாலில் மட்டும் சேர்க்கப்படாதவை. பனிக்காலத்தில் சாலையில் தூவ உப்பு கொடுத்தவருக்கு ஒன்று, தீயணைப்பு வண்டிக்கு டயர் மாட்டியவருக்கு ஒன்று, தெருவிளக்குக்கு மின்சாரம் தந்த கம்பெனிக்கு மாதத்துக்கு ஒன்றாக மூன்று. வியாழக்கிழமை மதியம் வங்கி இருப்பைப் பார்த்துவிட்டு, இந்த வாரம் யாருக்கு அனுப்பலாம், யாரைக் காக்க வைக்கலாம் என்று பொறுக்கி எடுப்பது அங்கிருந்த கணக்காளரின் வேலை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கார்த் தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்து, அவை போனபின் இளைத்துப்போன சின்ன நகரம் அது. அங்கே கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தன் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்பார். மாநில அரசு அனுப்பிவைத்த இரண்டு அவசரகால மேலாளர்களின் கீழ் வேலை பார்த்தவர். ‘எமர்ஜென்ஸி மேனேஜர்’ என்று முழுதாக அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை, ‘ஈ.எம்.’ என்றால் போதும், அறை அமைதியாகிவிடும்.

காசோலை அச்சானவுடன் அந்தப் பில் தீர்ந்துவிட்டதாகக் கணினி எழுதிக்கொள்ளும். நகர்மன்றத்துக்குப் போகும் மாதாந்திர அறிக்கையில் பாக்கி குறைவாகத் தெரியும். நிஜமான பாக்கி அலமாரியில் கிடந்தது. மன்ற உறுப்பினர் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. அவரும் திறந்து காட்டியதில்லை. “அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஊர் மூழ்கியதில் என் பங்கு அது” என்று சொல்லும்போது அவர் குரல் இறங்குகிறது.

இன்னொரு வழியும் இருந்தது. குடிநீர், கழிவுநீர்க் கட்டணம் தனி நிதி. குழாய்க்கும் பம்புக்கும் உரிய பணம். ஆனால் எல்லா நிதிக்கும் வங்கிக் கணக்கு ஒன்றுதான். சம்பள நாளில் பொது நிதியில் காசு இல்லையென்றால் குடிநீர்ப் பணத்தில் சம்பளம் போகும். ‘பொது நிதி, குடிநீர் நிதிக்குத் தரவேண்டியது’ என்று பேரேட்டில் ஒரு வரி ஏறும். அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருத்ததே தவிர, ஒருநாளும் குறைந்ததில்லை. மூன்றாவது வழிதான் மோசமானது. பள்ளிகளுக்கும் மாவட்டத்துக்கும் சேரவேண்டிய சொத்து வரியையும் அங்கே நகராட்சிதான் வசூலிக்கும். அதை உரிய நாளில் அனுப்பாமல் இரண்டு வாரம் கையில் வைத்துக்கொள்வது. பிறர் பணத்தில் மூச்சு விடுவது. மாநிலம் உள்ளே நுழைவதற்குச் சட்டம் அடுக்கிவைத்திருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. சம்பளம் ஏழு நாள் தாமதமாவதும் ஒன்று.

ஊர் ஏன் இந்த நிலைக்கு வந்தது என்று கேட்டால், ஊதாரித்தனம் என்று வெளியூர்க்காரர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. பிளின்ட் நகரைக் காட்டுகிறார். 1960இல் அங்கே 1,96,940 பேர் இருந்தார்கள், 2010இல் 1,02,434. ஜெனரல் மோட்டார்ஸ் நல்ல நாளில் அந்த வட்டாரத்தில் 80,000 பேருக்கு வேலை கொடுத்தது. பிறகு அது பத்தாயிரத்துக்கும் கீழே போனது. ஆட்கள் பாதியானால் குழாயின் நீளமும் சாலையின் நீளமும் பாதியாகிவிடுவதில்லை. வேலை பார்த்துவிட்டுப் போனவர்களின் ஓய்வூதியமும் குறைவதில்லை.

இதன்மேல் வரிச் சட்டம் வேறு. 1978இல் வந்த ஹெட்லி திருத்தமும், 1994இல் வந்த ‘புரோபோசல் ஏ’யும் சொத்து வரி ஏறும் வேகத்துக்குக் கடிவாளம் போட்டன. வீட்டு விலை சரிந்தால் வரி மதிப்பு உடனே சரியும்; விலை திரும்ப ஏறினாலும் வரி மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான் ஏறலாம். 2008இல் வீட்டுச் சந்தை விழுந்தபோது இது என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இறங்கும்போது லிஃப்ட், ஏறும்போது படிக்கட்டு. அதே காலத்தில் மாநில அரசு, விற்பனை வரியிலிருந்து ஊர்களுக்குப் பிரித்துத்தரும் பங்கையும் வெட்டிக்கொண்டே வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெட்டுப்பட்ட தொகை 600 கோடி டாலருக்கு மேல் என்பது மிச்சிகன் நகராட்சிகள் சங்கத்தின் கணக்கு. பங்கைக் குறைத்த அதே மாநிலம்தான் பிற்பாடு ‘உங்களுக்கு ஊரை நடத்தத் தெரியவில்லை’ என்று மேலாளரையும் அனுப்பியது. இதை அவர் நூறு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்.

மேலாளர் என்ற பதவி ஒரே நாளில் முளைத்ததல்ல. 1986இல் எகோர்ஸ் என்ற சிற்றூர் கடனில் முழுகியபோது, லூயிஸ் ஷிம்மல் என்பவரை நீதிமன்றம் பொறுப்பாளராக நியமித்தது. அந்த அனுபவத்தை ஒட்டி 1988இல் ஒரு சட்டம், 1990இல் அதை விரித்து 72ஆம் சட்டம். அதன்படி வந்தவர் ‘அவசரகால நிதி மேலாளர்’. பணப் பெட்டியின் சாவி மட்டும் அவர் கையில். 2011 மார்ச்சில் ஆளுநர் ரிக் ஸ்னைடர் கையெழுத்திட்ட 4ஆம் சட்டம் ‘நிதி’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஒரு சொல்தான் போனது. அதோடு மேயரின் அதிகாரமும் மன்றத்தின் அதிகாரமும் சேர்ந்து போயின. தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். துறைகளை மூடலாம். ஊர்ச் சொத்தை விற்கலாம். ஓய்வூதிய நிதியில் 80 சதவீதத்துக்குக் குறைவாகப் பணம் இருந்தால் அதன் அறங்காவலர்களை நீக்கிவிட்டுத் தானே அந்த இடத்தில் உட்காரலாம்.

அடுத்த மாதமே பென்டன் ஹார்பரில் மேலாளர் ஜோசப் ஹாரிஸ் ஓர் ஆணை போட்டார். நகர்மன்றம் இனி மூன்று காரியம் செய்யலாம்: கூட்டத்தைத் தொடங்கலாம், சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்கலாம், கூட்டத்தைக் கலைக்கலாம்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுச் சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். மனுவின் தலைப்பு எழுத்து அளவு சரியில்லை என்று ஒரு தரப்பு வழக்குப் போட, மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது வாக்குச்சீட்டில் ஏறியது. 2012 நவம்பர் 6ஆம் தேதி மிச்சிகன் மக்கள் 4ஆம் சட்டத்தைத் தோற்கடித்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் சட்டமன்றம் 436ஆம் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. பணம் ஒதுக்கும் சட்டங்களை வாக்கெடுப்புக்கு விடமுடியாது என்று மாநில அரசியலமைப்பில் ஒரு விதி உண்டு. புதிய சட்டத்தில் மேலாளர் சம்பளத்துக்கென ஒரு நிதி ஒதுக்கீட்டைச் சேர்த்துவிட்டார்கள். மக்களின் வாக்கை மதித்த செயலாக அதை எந்த வகையிலும் எடுத்துக்கொள்ள முடியாது.

புதுச் சட்டம் கொஞ்சம் இளகியது என்னவோ உண்மை. இப்போது ஊர் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: மாநிலத்தோடு ஒப்பந்தம், மேலாளர், நடுவர் முன் கடன்காரர்களோடு பேச்சு, திவால் மனு. பதினெட்டு மாதம் கழித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மேலாளரை மன்றம் அனுப்பிவைக்கலாம். 50,000 டாலருக்கு மேற்பட்ட சொத்தை விற்பதென்றால் மன்றத்துக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. வேண்டாம் என்றால் அதே அளவு பணம் தரும் மாற்று யோசனையை ஏழு நாளில் மாநில வாரியத்துக்கு அனுப்பவேண்டும். “பத்து நாளில் படித்து, ஏழு நாளில் கணக்குப் போட்டு எழுத மன்றத்திடம் ஆள் ஏது? எழுதக்கூடிய ஆள் நான். நானோ மேலாளரின் ஆள்” என்கிறார் அவர். விதியில் இருந்த வாசல் நடைமுறையில் இப்படித்தான் மூடிக்கிடந்தது.

அவருடைய ஊருக்கு முதல் மேலாளர் ஒரு திங்கட்கிழமை காலை வந்தார். தோளில் ஒரு பை, கூட இரண்டு ஆலோசகர்கள். பேச்சில் மரியாதை, வேலையில் வேகம். மேயரின் அறையை அவர் கேட்கவில்லை. கூட்ட அறையிலேயே மேசை போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் ஆணை எண் 1 வந்தது. இனி எந்தக் காசோலையும் தன் கையெழுத்து இல்லாமல் போகக்கூடாது. ஆணை எண் 2, மன்ற உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது. மேலாளர் வந்த நாளிலேயே மேயருக்கும் உறுப்பினர்களுக்கும் சம்பளம் நின்றுவிடும். விரும்பினால் மேலாளர் திரும்பத் தரலாம். அவர் பாதி தந்தார். தீர்மானங்களுக்கு ஒரு கோப்பு, ஆணைகளுக்கு ஒரு கோப்பு என்று நம் கணக்காளர் இரண்டு வைத்திருந்தார். ஒன்று அப்படியே நின்றுவிட்டது. மற்றது வாரந்தோறும் தடித்தது.

பிறகு மேலாளர் அந்த அலமாரியைத் திறக்கச் சொன்னார்.

காசோலைகளை எல்லாம் கூட்ட மேசையில் பரப்பினார்கள். சிலவற்றின் தேதி எட்டு மாதம் பழையது. மேலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்து, கடன்காரரைத் தானே தொலைபேசியில் கூப்பிட்டார். எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள், எத்தனை தவணை என்று நேராகக் கேட்டார். அதுவரை நகராட்சியின் அழைப்பு என்றால் எடுக்காதவர்கள் அவர் பெயருக்கு எடுத்தார்கள். மூன்றே மாதத்தில் கீழ்த்தட்டு காலியானது. பள்ளிப் பணம் பள்ளிக்குப் போனது. குடிநீர்ப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்தார்கள். ‘இத்தனை வருடம் நான் செய்யாததை ஓர் ஆள் தொண்ணூறு நாளில் செய்துவிட்டார்’ என்று அன்று அவர் மனைவியிடம் சொன்னாராம். அதை இன்றும் அவர் மறைப்பதில்லை. மேலாளர் முறையை முழுக்கத் திட்டுகிறவர்கள் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றதில்லை.

ஆனால் அலமாரியைக் காலி செய்வதோடு வேலை முடியவில்லை. சட்டப்படி மேலாளர் வாக்காளர் ஒப்புதலின்றி வரியை உயர்த்த முடியாது. கடன் பத்திரத்துக்குத் தரவேண்டிய தவணையை நிறுத்தவும் முடியாது. அதை முழுதாகக் கட்டியே தீரவேண்டும். வரவும் ஏறாது, பத்திரக் கடனும் குறையாது என்றால் வெட்ட எஞ்சுவது எது? ஆட்கள், ஓய்வு பெற்றவர்கள், ஊர்ச் சொத்து, சேவை. மேலாளர் நல்லவரா, கெட்டவரா என்பது இரண்டாம் கேள்வி. அவர் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு எங்கே வெட்டலாம் என்று கோடும் கிழித்தே அனுப்புகிறது சட்டம்.

வரிசை 14 என்று ஒன்றை அவர் மறக்கவில்லை. மேலாளரின் செலவுக் குறைப்புத் திட்டத்தின் கணக்குத் தாளில் பதினான்காவது வரி: ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு மாற்றம். பழைய திட்டத்தை எடுத்துவிட்டு, கையிலிருந்து முதலில் பெரிய தொகை கட்டவேண்டிய மலிவான திட்டத்துக்கு எல்லோரையும் மாற்றுவது. அந்தத் தாளைத் தயாரித்தவர் அவர்தான். ஓய்வூதியர் எண்ணிக்கையை வித்தியாசத்தால் பெருக்கி, கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாக வந்தது. ஐந்து மாதம் கழித்து வரி கட்டும் ஜன்னலில் ஒரு முதியவர் நின்றார். முப்பது வருடம் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். கையில் மருந்துக் கடைச் சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டியவை. சத்தம் போடவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். “இதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். மேயரிடம் போனேன், அதிகாரம் இல்லை என்றார்; மன்றத்தில் மூன்று நிமிடம் பேசினேன், எங்களால் முடியாது என்றார்கள்; மேலாளர் அறையில், ஆணை போட்டாகிவிட்டது என்றார்கள்.

எங்கே கொடுக்கவேண்டும் என்பதற்கு நம்மவரிடமும் பதில் இல்லை. சீட்டுகளை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அவரை அனுப்பினார். அந்த நகல்கள் இன்னும் அவரிடம் உள்ளன. கூட்டல் தப்பவில்லை. அந்தக் கூட்டலை எதிர்த்துக் கேள்வி கேட்க உரிமை உள்ள ஒருவர்கூட அந்த அறையில் இல்லாமல் போனதுதான் தப்பு.

சொத்து விற்பனையில் அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வது பான்டியாக் நகரத்துக் கதை. 1975இல் 5.57 கோடி டாலர் செலவில் கட்டிய சில்வர்டோம் அரங்கம், 80,000 பேர் உட்காரும் இடம். 1994இல் உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்கள் அங்கே நடந்தன. டெட்ராய்ட் லயன்ஸ் அணி வேறு இடத்துக்குப் போனபின் பராமரிப்புச் செலவு மட்டும் ஊரின் தலையில் நின்றது. 2009 நவம்பரில் அப்போதைய மேலாளர் பிரெட் லீப் அதை ஏலத்தில் விட்டார்; போன விலை 5,83,000 டாலர். வாங்கியவர்களாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. 2017 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் நாள் வெடி வெடித்தும் அரங்கம் அசையவில்லை; மறுநாள்தான் விழுந்தது. பிந்தி வந்த மேலாளர்கள் காலத்தில் காவல் துறை கலைக்கப்பட்டு மாவட்ட ஷெரிப்பிடம் போனது, தீயணைப்பு பக்கத்து ஊரிடம் போனது. அடுத்தடுத்து மூன்று மேலாளர்கள். கணக்கு நேரானது, மறுக்கவில்லை. நகராட்சி என்று சொல்ல அங்கே மிச்சமிருந்த ஊழியர்கள் வெகு சொற்பம்.

டெட்ராய்ட் எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் அவர் வேகமாகக் கடந்துபோகிறார். திவால் வழக்குகளில் தேர்ந்த வழக்கறிஞரான கெவின் ஓர் என்பவர் 2013 மார்ச்சில் மேலாளரானார். ஜூலை 18ஆம் தேதி ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டார். அமெரிக்க நகரங்களிலேயே பெரிய திவால் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறார். திவால் மனு போட்டவுடன் மேலாளருக்கு மேலே ஒரு நீதிபதி வந்துவிட்டார். ஓய்வூதியர்களுக்கு வழக்கறிஞர்கள் வந்தார்கள், கடன்காரர்களுக்கும் வந்தார்கள், எல்லாம் திறந்த நீதிமன்றத்தில் பேசப்பட்டது. நகரத்துக்குச் சொந்தமான கலைக்கூடத்தின் ஓவியங்களை விற்றுக் கடனை அடை என்று கடன்காரர்கள் நெருக்கியபோது, அறக்கட்டளைகளும் மாநில அரசும் கலைக்கூடமும் சேர்ந்து 20 ஆண்டில் 81.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. ஓவியங்கள் தப்பின. பொது ஓய்வூதியர்களுக்கு 4.5 சதவீதம் வெட்டும், ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப ஏறும் தொகை நிறுத்தமும் வந்தன. வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய வெட்டிலிருந்து அவர்களைக் காத்தது எதிர்த்துப் பேச ஓர் இடம் இருந்ததுதான்.

பிளின்ட்டில் அந்த இடம் இல்லை. இங்கே வந்தால் அவர் நிதானமாகிவிடுவார்; தேதிகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்.

1967 முதல் பிளின்ட் தன் குடிநீரை டெட்ராய்ட்டிடம் விலைக்கு வாங்கியது. விலை ஏறிக்கொண்டே போனது. ஹூரான் ஏரியிலிருந்து சொந்தமாகக் குழாய் போடும் புதிய வட்டார நீர் ஆணையத்தில் சேர 2013 மார்ச் 25ஆம் தேதி நகர்மன்றம் 7க்கு 1 என்று வாக்களித்தது. இந்த வாக்கைத்தான் பிற்காலத்தில் மேலாளர்கள் கேடயமாகப் பிடித்தார்கள். ஆனால் அந்தத் தீர்மானத்தில் பிளின்ட் ஆற்று நீரைக் குடிப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. புதிய குழாய் வர மூன்றாண்டு ஆகும்; அதுவரை ஆற்று நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கலாம் என்பது மேலாளர் எட் கர்ட்ஸ் காலத்தில் எடுத்த முடிவு, மேலாளர் டார்னெல் எர்லி காலத்தில் நடைமுறைக்கு வந்தது. 2014 ஏப்ரல் 25ஆம் தேதி குழாய் மாறியது.

ஆற்று நீர் குழாயை அரிக்கும். அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கவேண்டும். சேர்க்கவில்லை, இப்போதைக்குத் தேவையில்லை என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை நகராட்சியிடம் சொல்லியிருந்தது. முதன்மைப் பழி அந்தத் துறையினுடையது என்று ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவே 2016 மார்ச்சில் எழுதியது. அதே குழு, முடிவுகளை எடுத்தவர்கள் மேலாளர்கள் என்பதையும் எழுதியது.

தண்ணீரின் நிறமும் நாற்றமும் பற்றிப் புகார்கள் உடனே வந்தன. 2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கிருமி இருப்பதாகச் சொல்லி, கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பு. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் உதிரிப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீர் குழந்தைக்கு ஆகுமா என்று கேட்க அதற்குமேல் எந்த நிபுணரும் தேவையில்லை. 2015 ஜனவரியில், மறு இணைப்புக் கட்டணம் இல்லாமலே திரும்ப வாருங்கள் என்று டெட்ராய்ட் அழைத்தது. செலவு தாங்காது என்று மேலாளர் ஜெரி ஆம்ப்ரோஸ் மறுத்தார். மார்ச் 23ஆம் தேதி நகர்மன்றம் கூடி, டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்ப 7க்கு 1 என்று வாக்களித்தது. அந்த வாக்குக்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை. ஆம்ப்ரோஸ் அதை ஏற்கவில்லை.

நம் கணக்காளர் அன்றைய நாளிதழ்த் துண்டை அந்த மருந்துச் சீட்டு நகல்களோடு சேர்த்து வைத்திருக்கிறார். “ஏழுக்கு ஒன்று. சாதாரணமான ஊரில் அன்று இரவே வால்வைத் திருப்பியிருப்பார்கள்” என்கிறார்.

திருப்ப இன்னும் ஏழு மாதம் ஆனது. ஏப்ரல் கடைசியில் நிதி நெருக்கடி தீர்ந்தது என்று அறிவித்து மேலாளர் விடைபெற்றார். போகும்போது மாநிலம் தந்த 70 லட்சம் டாலர் கடன் ஒப்பந்தத்தில், மாநில ஒப்புதல் இல்லாமல் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பக்கூடாது என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. செப்டம்பரில் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு தண்ணீரில் ஈயத்தைக் காட்டியது. உள்ளூர்க் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைகளின் ரத்தத்திலேயே ஈயம் ஏறியிருப்பதைக் காட்டினார். அக்டோபர் 16ஆம் தேதி டெட்ராய்ட் தண்ணீர் திரும்பியது. அதற்குள், தண்ணீரில் வளரும் கிருமியால் வரும் லீஜியனேர் நோயில் 12 பேர் இறந்திருந்தார்கள்.

ஆற்று நீருக்கு மாறியதால் இரண்டாண்டில் மிச்சமாகும் என்று போட்ட கணக்கு சுமார் 50 லட்சம் டாலர். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர ஒப்புக்கொண்ட இழப்பீடு 62.6 கோடி டாலர். அதில் 60 கோடி மாநில அரசு தருவது. எர்லி மீதும் ஆம்ப்ரோஸ் மீதும் குற்றவழக்குகள் போடப்பட்டன. குற்றம் சாட்டிய முறை செல்லாது என்று 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டி அவை தள்ளுபடியாயின. எந்த மேலாளரும் தண்டனை பெறவில்லை.

அவர் இந்தக் கதையைத் தன் ஊர்க் கதையாகவே சொல்கிறார். தாங்களும் அப்படி ஒரு தாளைப் போட்டிருப்போம் என்பார். தண்ணீர் விலை ஒரு வரி, மாற்று நீர் ஒரு வரி, கழித்தால் மிச்சம். அரிப்பு என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அதை நினைவுபடுத்த வேண்டியவர்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள், அறைக்கு வெளியே நின்றார்கள்.

வெளியே நின்றவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. டெட்ராய்ட்டும் சேர்ந்தபோது, மிச்சிகனின் கறுப்பின மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தாங்கள் தேர்ந்தெடுக்காத மேலாளரின் ஆட்சியில் வாழ்ந்தார்கள். வெள்ளையரில் அந்தப் பங்கு மிகச் சிறியது. சட்டத்தில் நிறம் பற்றிய சொல் இல்லை. ஆனால் ஆலை போன ஊர், வீட்டு விலை விழுந்த ஊர், பங்குத்தொகை வெட்டுப்பட்ட ஊர் என்று வடிகட்டினால் கையில் நிற்பது யார் ஊர் என்பது மாநிலத் தலைநகர் லான்சிங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாததா?

வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்கு அவர் மாசசூசெட்ஸின் செல்சீ நகரத்தைச் சொல்வார். 1991இல் அங்கேயும் மாநிலம் பொறுப்பாளரை அனுப்பியது, மேயரை ஓரங்கட்டியது. ஆனால் பொறுப்பாளராக இருந்த ஹாரி ஸ்பென்ஸ் காலத்தில் ஊர் மக்களைப் பல கூட்டங்களில் உட்காரவைத்து நகராட்சிக்கு ஒரு புதிய சாசனத்தை அவர்களைக்கொண்டே எழுதவைத்து, வாக்கெடுப்புக்கும் விட்டார்கள். 1995இல் பொறுப்பாளர் போனபோது ஊர் தன் காலில் நின்றது. பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் நடந்தது வேறு. குப்பை எரிப்பு ஆலைக்கு வாங்கிய 30 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனில் அந்த நகரம் சிக்கிக்கிடந்தது. மாநிலம் அனுப்பிய டேவிட் அன்கோவிக் சில மாதங்களிலேயே, 2012 மார்ச்சில், கையால் எழுதிய ஒரு கடிதத்தோடு விலகினார். அரசியல் நெருக்கடிக்கும் மனசாட்சிக்கும் நடுவே இந்தப் பதவியில் இருக்க முடியாது என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தை நம்மவர் மிகவும் மதிக்கிறார். முடியாது என்று சொல்லும் ஒரே ஆள் மேலாளர்தான் என்று ஆகிவிட்ட ஊரில், அந்த ஒருவராவது அதைச் சொன்னாரே என்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர்களுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். பட்ஜெட் புத்தகத்தை முதல் நாள் திறப்பதில்லை. முதல் கேள்வி: இன்று வங்கியில் எவ்வளவு? இரண்டாவது: அச்சாகி அனுப்பாத காசோலை எத்தனை? மூன்றாவது: எந்த நிதி எந்த நிதிக்குக் கடன்? இந்த மூன்றையும் ஒவ்வொரு மாதமும், கூட்டத்தில், மக்கள் காதில் விழும்படி கேளுங்கள். பதில் வராவிட்டால் நேரே போய் அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கும்போதே சொல்லுங்கள் என்கிறார்.

2018 கோடையில் மிச்சிகனின் கடைசி அவசரகால மேலாளரும் விடைபெற்றார். 2000க்குப் பிறகு அந்த மாநிலத்தில் மேலாளர் இல்லாத நாள் அதுதான் முதல். பிளின்ட்டின் பழைய ஈயக் குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்றும் வேலை அதன்பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. 436ஆம் சட்டம் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.